தாய்லாந்து அம்மா, தமிழ் அப்பா: குழந்தைக்கு என்ன பேர் வைக்கலாம்? ரெண்டு நாட்டுக்கும் பொருந்தும் பெயர்கள், தவிர்க்க வேண்டியவை, பதிவு விதிகள் - முழு விளக்கம்

"நீ தமிழ் படிச்ச பிள்ளதான... நல்ல பேரா ஒண்ணு சொல்லு."

தமிழ் பி.ஏ. முடித்த யாரும் இந்த வேண்டுகோளில் இருந்து தப்பித்திருக்க முடியாது. ஆனால், உத்தரகோசமங்கையில் இருந்து எனக்கு வந்த வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் கொஞ்சம் வேற மாதிரி.

பேசியது தெரிந்த வீட்டு அப்பத்தா ஒருவர். மகனுக்கு பாங்காக்கில் ரத்தினக் கல் கடையில் வேலை. மருமகள் தாய்லாந்துப் பெண். பிரசவம் ராமநாதபுரத்தில் நடந்திருக்கிறது. "திங்கக்கிழமை பொறந்த பொம்பளப் புள்ள. நான் சொல்ற பேரு மருமகளுக்கு வாயில நுழையல. அவுக அம்மா போன்ல சொல்ற பேரு எனக்கு நுழையல. ரெண்டு பேருக்கும் நுழையுற மாதிரி ஒரு பேரு இருக்குமா?"

இருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, நிறையவே இருக்கு. ஆனால், தேர்ந்தெடுக்கும் முன் சில விஷயங்களைத் தெரிஞ்சுக்கணும். ஒரு ஊரில் அழகாக இருக்கும் பேர், இன்னொரு ஊரில் கேலியாகிவிடலாம். அவசரத்தில் எழுதிய ஸ்பெல்லிங், பதினெட்டு வருஷம் கழிச்சு பாஸ்போர்ட் கவுன்ட்டரில் வந்து நிற்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

- தாய்லாந்துப் பெயர்களில் பெரும்பகுதி சமஸ்கிருதம், பாலி மொழிகளில் இருந்து வந்தவை. அதனால் நமக்கும் அவர்களுக்கும் பொதுவான பெயர்கள் ஏராளம்.
- அங்கே நட்சத்திரத்தை விட பிறந்த கிழமைதான் பெயரின் எழுத்தைத் தீர்மானிக்கிறது.
- அங்கே குடும்பப் பெயர் கட்டாயம். நமக்கு இனிஷியல். சிக்கல் தொடங்கும் இடம் இதுதான்.
- பர்த் சர்டிபிகேட்டில் எழுதும் பேர்தான் இனி எல்லா ஆவணங்களுக்கும் வேர்.

ராமநாதபுரத்துக்கும் தாய்லாந்துக்கும் என்ன சம்பந்தம்?

நீங்கள் நினைப்பதை விடப் பழைய சம்பந்தம். தெற்குத் தாய்லாந்தின் கிராபி மாகாணத்தில் குவான் லுக் பட் என்ற இடத்தில் ஒரு சின்ன உரைகல் கிடைத்தது. தங்கத்தை உரசி மாற்றுப் பார்ப்பார்களே, அந்தக் கல். அதில் தமிழ்-பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. காலம் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள். கடல் தாண்டிப் போன ஒரு பொற்கொல்லர், 'இது என் கல்' என்று பேர் எழுதி வைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு, அதே தெற்குத் தாய்லாந்தில் தகுவா பா என்ற ஊரில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று. அங்கே வெட்டிய குளத்துக்கு 'அவனிநாரணம்' என்று பேர் வைத்ததையும், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவையும் அது சொல்கிறது. ஆக, தாய்லாந்து மண்ணில் தமிழர்கள் பேர் வைப்பது புதுசு இல்லை.

பாங்காக்கில் இன்றும் 'தேவஸ்தான்' என்ற கோயில் இருக்கிறது. 1784இல் முதலாம் ராமா மன்னர் காலத்தில் கட்டியது. அங்குள்ள அரச பிராமணர்கள், தங்கள் முன்னோர் ராமேஸ்வரம் பக்கம் இருந்து வந்தவர்கள் என்று மரபுவழியாகச் சொல்லி வருகிறார்கள். மார்கழி - தை காலத்தில் அவர்கள் நடத்தும் விழாவின் பேர் 'திரியம்பவாய் - திரிபவாய்'. ஆமாம், நம்ம திருவெம்பாவையும் திருப்பாவையும்தான். தலைமுறை தலைமுறையாகப் பாடியதில் பாட்டின் பொருள் மறந்துபோனது. ஒலி மட்டும் நின்றது.

திருவெம்பாவையைப் பாடிய மாணிக்கவாசகருக்கு உத்தரகோசமங்கை எவ்வளவு நெருக்கம் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவருடைய திருப்பொன்னூசல் இந்த ஊர்ச் சாமியை வைத்துப் பாடிய ஊஞ்சல் பாட்டு. பாங்காக்கில் அந்தத் திரியம்பவாய் விழாவுக்காகவே தேவஸ்தான் எதிரில் ஒரு பெரிய ஊஞ்சல் நிற்கிறது. உயிர்ப்பலி ஏற்பட்டதால் ஊஞ்சல் ஆடும் சடங்கு 1935இல் நிறுத்தப்பட்டது. சிவப்பு நிறத்தில் அந்தத் தூண்கள் மட்டும் இன்றும் நிற்கின்றன.

இந்த அரச பிராமணக் குடும்பங்கள்தான் நம் கேள்விக்குக் கிடைக்கும் பழைய உதாரணம். பல தலைமுறையாகத் தாய்லாந்தில் மணம் முடித்து, தாய்லாந்துக்காரர்களாகவே ஆகிவிட்டார்கள். பேச்சு தாய் மொழி. பேரும் தாய்லாந்துப் பேர். ஆனால் 'பிராமணகுல்' என்று முடியும் குடும்பப் பெயரை அவர்களிடம் இன்றும் பார்க்கலாம். 'குல்' என்றால் குலம்தான். பேர் அந்த ஊர் நாக்குக்கு ஏற்ப வளைந்தது. ஆனால் வேர் அறுந்துபோகவில்லை.

தாய்லாந்தில் எப்படிப் பேர் வைக்கிறார்கள்?

அங்கே ஒரு ஆளுக்கு மூன்று பேர்.

முதலில் அதிகாரப்பூர்வ பேர். நீளமாக, நல்ல பொருளோடு இருக்கும். வீட்டுப் பெரியவரோ, புத்த பிக்குவோ பார்த்துச் சொல்வது வழக்கம். குழந்தைக்கு ஒரு மாதம் ஆனதும் முடி இறக்கிச் சடங்கு செய்வதும் உண்டு. நம்ம ஊரில் மடியில் போட்டுக் காதில் மூன்று முறை பேர் சொல்லி, பிறகு குலதெய்வம் கோயிலில் மொட்டை போடுகிறோமே, கிட்டத்தட்ட அதுதான்.

இரண்டாவது, குடும்பப் பெயர். 1913 வரை அங்கே சாதாரண மக்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. ஆறாம் ராமா மன்னர் வஜிராவுத்தான் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கினார். 6,000க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அவரே பேர் உருவாக்கிக் கொடுத்தார்.

மூன்றாவது, செல்லப் பேர். அங்கே 'சூ லென்' என்பார்கள். 'விளையாட்டுப் பேர்' என்று அர்த்தம். வீடு, பள்ளிக்கூடம், ஆபீஸ் எல்லா இடத்திலும் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கூட வேலை பார்ப்பவரின் முழுப்பேர் தெரியாமலே பல வருஷம் ஓடிவிடும். ஒரு அசையில் முடியும்: நோக் (பறவை), டாவ் (நட்சத்திரம்), லெக் (சின்னது), மூ (பன்றி), கோப் (தவளை).

குழந்தைக்குப் பன்றின்னு பேரா? காரணம் நமக்கும் தெரிந்ததுதான். அழகான பேர் வைத்தால் பேய் வந்து குழந்தையைத் தூக்கிப் போய்விடும் என்பது அங்குள்ள பழைய நம்பிக்கை. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்கு 'குப்பை', 'பிச்சை' என்று நம்ம பாட்டிமார் பேர் வைத்தது எதற்காக? எமனை ஏமாற்றத்தான். பயமும் ஒன்று, பாசமும் ஒன்று.

அதனால் ஒரு யோசனை: எல்லாவற்றையும் ஒரே பேரில் அடைக்கப் பார்க்க வேண்டாம். அதிகாரப்பூர்வ பேர் ரெண்டு நாட்டுக்கும் பொதுவாக இருக்கட்டும். செல்லப் பேர் ரெண்டு வீட்டிலும் ஒவ்வொன்று இருக்கட்டும். யாருக்கும் மனத்தாங்கல் வராது.

கிழமைக் கணக்கு என்றால் என்ன?

நமக்கு நட்சத்திரப் பாதம். அசுவினி என்றால் சு, சே, சோ, லா. அங்கே பிறந்த கிழமை. ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு எழுத்து வரிசை ஆகாது. அந்த எழுத்துகளை 'காலகினி' என்று சொல்லி, பேரில் எங்கேயும் வராமல் தவிர்ப்பார்கள். அந்த வரிசைகளைத் தமிழ் எழுத்தில் சொன்னால்:

- ஞாயிறு: ஸ, ஷ, ஹ வரிசை
- திங்கள்: உயிர்க்குறிகள்
- செவ்வாய்: க வரிசை
- புதன் பகல்: ச, ஜ வரிசை
- புதன் இரவு: ப, ம வரிசை
- வியாழன்: த, ந வரிசை
- வெள்ளி: ய, ர, ல, வ
- சனி: ட, ண வரிசை

க, ச, ட, த, ப, ய... இந்த வரிசையை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? இது நம்ம நெடுங்கணக்கு வரிசையேதான். தாய் எழுத்துகள் தென்னிந்தியப் பல்லவ எழுத்தின் வழியில் உருவானவை என்பதால், இந்த ஒற்றுமையில் ஆச்சரியம் இல்லை.

திங்கட்கிழமைக் குழந்தைகளுக்குத்தான் கொஞ்சம் கஷ்டம். உயிர்க்குறியே இல்லாத பேர் வேண்டும். நம்ம எழுத்தில் சொன்னால் கால், கொம்பு, சுழி எதுவும் இல்லாமல் வெறும் எழுத்துகளாகவே எழுத முடிகிற பேர். அந்த அப்பத்தா சொன்ன குழந்தையும் திங்கட்கிழமைதான். இதற்குக் கடைசியில் வருகிறேன்.

நம்பிக்கை இருப்பவர்கள் பார்க்கலாம். இல்லாதவர்கள் விட்டுவிடலாம். சட்டப்படி ரெண்டு நாட்டிலும் கட்டாயம் கிடையாது. ஆனால் 'இந்தக் கிழமைக்கு இந்த எழுத்து ஆகாது' என்று சம்பந்தி வீட்டில் தயங்கினால், அது உங்கள் மேல் கோபம் இல்லை. அவர்கள் வீட்டு ஜாதகம் அது.

ரெண்டு பக்கமும் இருக்கும் பெயர்கள்

தாய்லாந்தில் இறங்கும் விமான நிலையத்தின் பேரே சுவர்ணபூமி. அவர்கள் காலண்டரில் மாதங்களின் பேரைப் பாருங்கள்: ஜனவரி 'மகராகோம்', பிப்ரவரி 'கும்பாபன்', மார்ச் 'மீனாகோம்', செப்டம்பர் 'கன்யாயோன்'. மகரம், கும்பம், மீனம், கன்னி! நம்ம ராசிகள்தான்.

ஆனால் சொற்கள் அப்படியே இருக்காது. மூன்று ஒலி மாற்றங்களை நினைவில் வைத்தால் போதும்:

1. பேரின் கடைசியில் வரும் ல், ர் அங்கே 'ன்' ஆகிவிடும். கமல் என்பது 'கமோன்'. சுந்தர் என்பது 'சுன்தோன்'.
2. கடைசியில் வரும் ஜ், ஸ், ஷ் எல்லாம் 'த்' என்று முடியும். ராஜ் என்பது 'ராத்'.
3. ஜ என்பது 'ச்ச' ஆகும். விஜய் என்பது 'விச்சாய்'. தாய்லாந்தில் சர்வசாதாரணமான ஆண் பேர் இது. நம்ம ஊர்ல சொல்லணுமா என்ன!

இப்போது பட்டியல். பெண் குழந்தைக்கு:

- மணி: அங்கேயும் மணீ, ரத்தினம் என்ற அதே பொருள்.
- தாரா: அங்கே 'டாரா'. நட்சத்திரம். சினிமா நட்சத்திரத்தையும் இதே சொல்லால்தான் சொல்வார்கள்.
- மாலை: அங்கேயும் மாலை, பூமாலை. கோயில் வாசலில் விற்பதும் 'புவாங் மாலை'தான்.
- மல்லி: அங்கே 'மலி'. அதே மல்லிகைப் பூ.
- உமா, கன்யா, கமலா: ரெண்டு ஊரிலும் கிட்டத்தட்ட மாற்றமே இல்லை.
- ரஜனி: அங்கே 'ராத்சனீ'. இரவு என்று பொருள். அங்கே இது பெண் பேர்.
- ரத்னா: அங்கே 'ரத்தனா'.

ஆண் குழந்தைக்கு:

- அருண்: மாற்றமே இல்லை. பாங்காக்கின் புகழ்பெற்ற கோயில் பேர் 'வாட் அருண்'.
- சூர்யா: அங்கே 'சுரியா'.
- ஆனந்த்: அங்கே 'ஆனோன்'.
- விஜய்: 'விச்சாய்'.
- சுந்தர்: 'சுன்தோன்'. தாய் மொழியின் பெருங்கவிஞர் பேர் சுன்தோன் பூ.

தூய தமிழ்ப் பேர்தான் வேணும் என்றால்? உயிரெழுத்து ஒலியிலோ ன் என்றோ முடியும் பேராகப் பாருங்கள். நிலா, அமுதா, இனியா, மாறன் எல்லாம் அங்கே சிரமம் இல்லாமல் சொல்லலாம். கயல் 'கயன்' ஆகிவிடும், முகில் 'முகின்' ஆகிவிடும். யாழினி, பொழிலன் என்று ழகரம் வந்தால் 'ல' என்றுதான் கேட்கும். ழகரம் நம்ம ஊர்லயே பாதிப் பேருக்கு வர்றதில்லை, அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இங்கே அழகு, அங்கே சிக்கல்

இதைக் கட்டாயம் படியுங்கள். நல்ல மனசோடு வைத்த பேர் குழந்தைக்குத் தொல்லையாகிவிடக் கூடாது.

தமிழ் என்று தொடங்கும் பேர்கள்: தமிழரசி, தமிழ்ச்செல்வன், தமிழினி. நமக்குப் பெருமை. ஆனால் தாய் மொழியில் தமிழைக் குறிக்கும் சொல் 'தமின்'. அதே சொல்லுக்குக் 'கொடூரமான', 'இரக்கமற்ற' என்ற பொருளும் அகராதியிலேயே உண்டு. 1992 மே மாதம் பாங்காக்கில் போராட்டக்காரர்கள் மீது ராணுவம் துப்பாக்கிச் சூடு நடத்திய சம்பவத்தை, 'கொடூர மே' என்ற பொருளில் 'புருத்சபா தமின்' என்றுதான் சொல்கிறார்கள். படிக்கவே சங்கடமாகத்தான் இருக்கு. ஆனாலும் அங்கே பள்ளிக்கூடம் போகப்போகும் குழந்தைக்கு இந்தப் பேரை வைக்கும் முன் தெரிந்திருக்க வேண்டும்.

குமார்: அங்கே 'குமான்' என்று ஒலிக்கும். சிறுவன் என்றுதான் பொருள். ஆனால் 'குமான் தோங்' என்பது அங்கே வீட்டில் வைத்து வழிபடும் ஆவிச் சிறுவன் பொம்மை. கேட்டதும் பலருக்கு அதுதான் ஞாபகம் வரும்.

'போன்' என்று முடியும் தாய்லாந்துப் பேர்கள்: சுபாபோன், சிரிபோன் என்று பெண்களுக்கு நிறைய உண்டு. நம்ம 'வரம்' என்ற சொல்தான் அங்கே 'போன்' ஆனது. அழகான பொருள். ஆனால் வழக்கமாக எழுதும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஆபாசப் படத்தைக் குறிக்கும் சொல்லாகிவிடும். சென்னையிலோ மதுரையிலோ ஆங்கில மீடியம் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், எழுத்துக்கூட்டலை மாற்றி எழுதுங்கள் அல்லது வேறு பேர் பாருங்கள்.

செல்லப் பேர்கள்: 'நோய்' என்பது அங்கே மிகச் சாதாரணமான செல்லப் பேர். 'சின்னது' என்று பொருள். நம்ம ஊரில் எந்த அப்பத்தாவும் பேத்தியை நோய் என்று கூப்பிட மாட்டார். 'பூ' என்றால் அங்கே நண்டு. முன்னாள் பிரதமர் யிங்லக் ஷினவத்ராவின் செல்லப் பேர் இதுதான். நம்மகிட்ட அது பூ. இதில் ரெண்டு பேருக்குமே நஷ்டம் இல்லை. 'ஃபோன்' என்றால் மழை. வறண்ட ராமநாதபுரத்துக்கு இதைவிட நல்ல பேர் கிடையாது. ஆனால் கூப்பிட்டால் எல்லோரும் செல்போனைத் தேடுவார்கள்.

ஆண் குழந்தை என்றால் இன்னொன்று. தாய்லாந்தில் 15 வயதானதும் ஆண்களின் பேருக்கு முன்னால் திரு என்பது போல ஒரு அடைமொழி சேரும். அதன் உச்சரிப்பு 'நாய்'. அடையாள அட்டையில் அப்படித்தான் வரும். தாத்தாவிடம் முன்னாடியே சொல்லி வைத்துவிடுங்கள்.

தொனியையும் மறக்க வேண்டாம். தாய் மொழியில் ஐந்து தொனிகள். ஒரே 'மா' தொனிக்கு ஏற்ப வா, குதிரை, நாய் என்று மாறும். அதனால் எந்தப் பேரையும் இணையத்தில் பார்த்து முடிவு செய்யாமல், அந்த மொழி பேசுகிற ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிக் காட்டுங்கள்.

இனிஷியலா? குடும்பப் பெயரா?

உண்மையான தலைவலி இங்கேதான்.

தாய்லாந்துச் சட்டப்படி ஒருவருக்குப் பேரும் குடும்பப் பெயரும் இருந்தே ஆகணும். நமக்குக் குடும்பப் பெயர் பழக்கம் இல்லை. அப்பா பேரின் முதல் எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட் என்று வரும்போது அந்த இனிஷியல் விரிந்து சர்நேம் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

விளைவு? அப்பாவின் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் தாத்தா பேர். குழந்தையின் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் அப்பா பேர். ஒரே குடும்பத்தில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் வேற வேற சர்நேம். நமக்கு இது சாதாரணம். குடும்பப் பெயரை வைத்தே உறவைப் பார்க்கும் ஊரில் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

ஒற்றைப் பேர் மட்டும் வைத்துவிட்டு சர்நேமைக் காலியாக விடலாமா? இந்தியாவில் விடலாம். ஆனால் வெளிநாட்டில் சிக்கல் வரலாம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பேர் இருப்பவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பேரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தியது. நடுவில் அலைக்கழிந்தவர்களில் தமிழர்கள் நிறைய.

மூன்று வழிகள் இருக்கின்றன:

- அப்பாவின் பாஸ்போர்ட்டில் உள்ள சர்நேமையே குழந்தைக்கும் கொடுப்பது. தாத்தா பேர் குடும்பப் பெயராக நிலைத்துவிடும். அப்பா, பிள்ளை ஆவணங்கள் பொருந்தும்.
- அப்பா பேரைச் சர்நேமாகக் கொடுப்பது. நம்ம ஊர் மரபுக்குச் சரி. அங்கே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.
- அம்மாவின் தாய்லாந்துக் குடும்பப் பெயரைக் கொடுப்பது. அங்கே வாழப் போகிற குழந்தைக்கு வசதி.

எது சரி என்பது குழந்தை எங்கே வளரப் போகிறது என்பதைப் பொறுத்தது. எதை எடுத்தாலும் ரெண்டு நாட்டு ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கட்டும்.

இன்னொரு விதி: தாய்லாந்தில் ராஜா, ராணியின் பேரை ஒத்த பேரோ, ஆபாசமான பொருள் தரும் பேரோ வைக்க முடியாது.

எத்தனை நாளுக்குள் பதிய வேண்டும்?

இந்தியாவில் பிறந்தால், பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பேர் முடிவாகவில்லையா? பதற வேண்டாம். பேர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் பேரைச் சேர்க்கலாம். அதன் பிறகும் 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்க வழி உண்டு. ஆனால் அவ்வளவு நாள் தள்ளிப் போடாதீர்கள்.

ஏன் என்றால், பிறப்பு - இறப்பு பதிவுச் சட்டத்தில் 2023இல் வந்த திருத்தம். 2023 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. அன்றும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார், திருமணப் பதிவு, அரசு வேலை என எல்லாவற்றுக்கும் பர்த் சர்டிபிகேட்தான் பிறந்த தேதி, இடத்துக்கான ஆதாரம். அதில் ஒரு எழுத்து தப்பினால் எல்லாவற்றிலும் தப்பும். ஒருமுறை ஏறிய பேரை மாற்றுவது லேசு இல்லை. அரசிதழ் வரைக்கும் போகணும்.

தாய்லாந்தில் பிறந்தால் 15 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். அங்கே பிறந்த குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை வேண்டும் என்றால் ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்திலும் பதிய வேண்டும். குழந்தையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதி தரவும் வேண்டும்.

குடியுரிமை விஷயத்தில் ஒன்று முக்கியம். அம்மாவோ அப்பாவோ ஒருவர் தாய்லாந்துக்காரர் என்றால், எங்கே பிறந்தாலும் குழந்தைக்குத் தாய்லாந்துக் குடியுரிமைக்கு உரிமை உண்டு. ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. தாய்லாந்து பாஸ்போர்ட் எடுத்தால், இந்தியப் பக்கம் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். முடிவெடுக்கும் முன் சென்னையில் உள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகத்திலும், பாஸ்போர்ட் அலுவலகத்திலும் கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, அந்தத் திங்கட்கிழமைக் குழந்தைக்கு?

நான் அப்பத்தாவுக்குச் சொன்ன முதல் பேர்: மரகதம்.

உத்தரகோசமங்கைக்காரர்களுக்கு மரகதம் என்றால் நடராஜர்தான். ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்பில் இருக்கும் மரகத நடராஜரை, வழக்கமாக மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் சந்தனம் களைந்து பார்க்க முடியும். அந்தத் தரிசனத்துக்காக ராத்திரி முழுக்க வரிசையில் நிற்பார்கள்.

தாய்லாந்துக்காரர்களுக்கும் மரகதம் என்றால் ஒரே ஒரு சிலைதான். பாங்காக் அரண்மனை வளாகத்தில் இருக்கும் மரகத புத்தர். நாட்டின் காவல் தெய்வம் போல மதிக்கப்படுபவர். உயரம் 66 செ.மீ. கோடை, மழை, குளிர் என்று வருஷத்துக்கு மூன்று முறை அவருக்கு ஆடை மாற்றுவது மன்னரின் கடமை. அவர் பேர் 'பிரா கேவ் மொரகோத்'. மொரகோத் என்றால் மரகதம். அங்கே பெண்களுக்கு வைக்கும் பேரும்கூட.

அடுத்துதான் எனக்கே ஆச்சரியம். தாய் எழுத்தில் மொரகோத் என்று எழுத வெறும் நாலு எழுத்து: ம, ர, க, த. கால் இல்லை, கொம்பு இல்லை, ஒரு உயிர்க்குறிகூட இல்லை. திங்கட்கிழமைக் குழந்தைக்கு ஆகாதது எதுவோ, அது இந்தப் பேரில் இல்லவே இல்லை.

இதையெல்லாம் சொன்னதும் அப்பத்தா சந்தோஷமாகிவிட்டார். குழந்தையின் அப்பாதான், "கிழவி பேரு மாதிரி இருக்கே" என்று இழுத்தார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கு. அதனால் மணி, தாரா ரெண்டும் பட்டியலில் இருக்கின்றன. ரெண்டிலும் உயிர்க்குறி வரும் என்று சம்பந்தி வீட்டில் யோசிக்கிறார்களாம். ஒரு வருஷம் அவகாசம் இருக்கு, நிதானமாக முடிவு செய்யட்டும்.

பேரை எழுதிக் கொடுக்கும் முன் நீங்கள் செய்ய வேண்டியவை:

- பேரை ரெண்டு மொழியிலும் எழுதிப் பாருங்கள். ரெண்டிலும் நல்ல பொருள்தானா என்று கேளுங்கள்.
- ஆங்கில ஸ்பெல்லிங்கை ஒன்றே ஒன்றாக முடிவு செய்யுங்கள். கடைசிவரை மாற்றாதீர்கள்.
- சர்நேம் கட்டத்தில் என்ன வரப் போகிறது என்பதை மருத்துவமனையில் படிவம் நிரப்பும் முன்பே பேசி முடியுங்கள்.
- பர்த் சர்டிபிகேட் கைக்கு வந்ததும் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. செலவு கிடையாது. தாய் மொழியில் அம்மாவைப் பெற்ற பாட்டியை 'யாய்' என்பார்கள். சங்கத் தமிழில் யாய் என்றால் தாய். தற்செயல்தான், ஆனாலும் கேட்க நல்லா இருக்கு. வீடியோ காலில் ஒரு பக்கம் அப்பத்தாவையும் இன்னொரு பக்கம் யாயையும் உட்கார வையுங்கள். தேர்ந்தெடுத்த பேரைச் சொல்லி, ரெண்டு பேரையும் குழந்தையை மூன்று முறை சத்தமாகக் கூப்பிடச் சொல்லுங்கள்.

ரெண்டு பேருக்கும் நாக்கு தடுக்காமல் வந்தால், அதுதான் பேர். இந்தக் குழந்தைக்குத் தாய்மொழியே தாய் மொழி. அப்பா மொழி தமிழ். கூப்பிட்டால் ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கணும் இல்லையா?